எடை கூடினா தேறிட்டாருன்னு அர்த்தமா? இதயம் பலவீனமானவர்கள் இருக்கிற வீட்டுக்கு ஒரு பேச்சு

(தூத்துக்குடி கடலோரப் பகுதி ஒன்றில் மகளிர் சுய உதவிக் குழுவினர், மீனவர் மற்றும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்தினர் கூடியிருந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

  அண்ணாச்சி, உள்ளே நாற்காலி இருக்கு, உட்காருங்க. இன்னைக்குப் பேசப் போறது நின்னுக்கிட்டே கேட்கிற விஷயம் இல்லை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற ஆள். மருத்துவர்கள் சொல்வதையும், வெளியான ஆய்வுகளில் இருப்பதையும் நமக்குப் புரிகிற பேச்சில் சொல்வதுதான் என் வேலை. மருந்தின் அளவு பற்றி எது கேட்கணும்னாலும் உங்க டாக்டரிடம்தான் கேட்கணும்.

நம்ம ஊர் எடை போடுகிற ஊர். உப்பை எடை போடுறோம், மீனை எடை போடுறோம், அந்தக் காலத்தில் முத்தை எடை போட்டோம். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க ஒரு விதி இருக்கு. சரக்கு ஏற்றிய கண்டெய்னரின் மொத்த எடையைச் சரிபார்த்துச் சொல்லாமல் அதைக் கப்பலில் ஏற்றக்கூடாது. எடை தப்பாச்சுன்னா கப்பலுக்கே ஆபத்து.

இவ்வளவு எடை போடுகிற ஊரில், வீட்டில் இதய நோயோடு இருக்கிற ஒருத்தரின் எடை இன்னைக்குக் காலையில் எவ்வளவுன்னு கேட்டா, எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? எங்க வீட்டிலும் தெரியாமத்தான் இருந்தது. அதனால என்ன ஆச்சுன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கணும்.

எங்க தாத்தா கதை

எங்க தாத்தா தோணியில் தண்டலா இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டு போய் வந்தவர். அறுபத்தெட்டு வயசில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைச்சார். எக்கோ எடுத்துப் பார்த்துட்டு, "பம்பிங் 30 தான் இருக்கு, இதயம் பலவீனமா இருக்கு, மாத்திரையை விடக்கூடாது"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

வீட்டுக்கு வந்து மூணு, நாலு மாசம் நல்லா இருந்தார். பிறகு ஒரு வாரத்தில் முகம் லேசா உப்பினாப்ல இருந்தது. கன்னம் நிறைஞ்சது. வேட்டி இடுப்பில் இறுகுச்சு. ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். பார்க்க வந்த பக்கத்து வீட்டு மைனியும், "மாமா தேறிட்டாவ, உடம்பு வச்சிருச்சு"ன்னு சொன்னாங்க. நாங்களும் நம்பினோம். எட்டாம் நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்தார். படுத்தா மூச்சு முட்டுது. 108-ல கொண்டு போனோம். நாலு நாளில் ஊசி மூலமாக அவர் உடம்பிலிருந்து இறங்கினது கிட்டத்தட்ட 5 கிலோ தண்ணீர். நாங்க 'உடம்பு வச்சிருச்சு'ன்னு நினைச்சது அந்தத் தண்ணீரைத்தான்.

அடுத்து நடந்தது அதைவிடக் கஷ்டமானது. அதுக்குப் பிறகு ஒரு வருஷத்தில் தாத்தா கொஞ்சம் கொஞ்சமா இளைச்சார். தோள் எலும்பு தெரிஞ்சது. தொடை சுருங்கிச்சு. நாங்க என்ன நினைச்சோம்? "நல்லது, தண்ணியெல்லாம் வத்திருச்சு. இதயக்காரங்களுக்கு உடம்பு குறையத்தானே சொல்லுதாவ" என்று விட்டுட்டோம். உப்பில்லாத கஞ்சியா கொடுத்தோம். அவர் பாதி குடிச்சுட்டு வச்சிருவார். ஒரு நாள் டாக்டர் பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் பக்கத்தில் வச்சுப் பார்த்துட்டு, "இவ்வளவு எடை குறைஞ்சிருக்கே, ஏன் முன்னாடியே சொல்லலை?"ன்னு கேட்டார். அப்போ ரொம்பத் தாமதம் ஆயிருச்சு. ஏழு மாசத்தில் தாத்தா போயிட்டார்.

முதல் முறை எடை கூடினப்ப சந்தோஷப்பட்டோம். அடுத்த முறை எடை குறைஞ்சப்ப நிம்மதியா இருந்தோம். ரெண்டு தடவையும் தப்பு. முன்னாடியே கவனிச்சிருந்தா இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பார்னு யாராலும் உறுதியா சொல்ல முடியாது. ஆனால் கவனிச்சிருக்க முடியும். அதனாலதான் இந்தப் பேச்சு.

இதயம் நின்னு போறது இல்லை

'ஹார்ட் ஃபெயிலியர்', 'இதயச் செயலிழப்பு' என்ற பெயரைக் கேட்டதும் இதயம் நின்னு போச்சுன்னு பயப்படுவாங்க. அப்படி இல்லை. இதயம் துடிச்சுக்கிட்டுதான் இருக்கும். உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கிற ரத்தத்தில் எவ்வளவு சதவீதம் வெளியே போகுது என்பதைத்தான் எக்கோவில் 'பம்பிங்' என்று சொல்றாங்க. நல்ல இதயத்துக்கே 100 வராது. 50-க்கு மேல் இருந்தால் போதும். 40-க்குக் கீழே போனால் பலவீனம். பம்பிங் சரியாக இருந்தும் இதயம் விறைப்பாகி, தளர்ந்து நிரம்ப முடியாமல் வருகிற இன்னொரு வகையும் உண்டு. வயதானவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களிடம் இந்த வகை அதிகம்.

இது அரிதான நோயும் இல்லை. நமக்குப் பக்கத்து மாவட்டங்களைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்கே 2013-இல், 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்ந்த 1,205 பேரைப் பதிவு செய்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டி வருது; நமக்குப் பத்து வருஷம் முன்னாடியே வந்துருது. 100-க்கு 72 பேருக்குக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 59 சதவீதம் பேர் உயிரோடு இல்லை.

பயமுறுத்துவதற்காக இந்தக் கணக்கைச் சொல்லலை. பல புற்றுநோய்களுக்கு நாம் கொடுக்கிற கவனத்தை இந்த நோய்க்கும் கொடுக்கணும் என்பதற்காகச் சொல்றேன். இன்னைக்கு இருக்கிற மருந்துகளை ஒழுங்காக எடுத்தால் ஆயுள் கூடும் என்பது நிரூபணமான விஷயம்.

சரக்கா, தண்ணியா?

இதயம் சரியாகத் தள்ளாதபோது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறையும். உடம்பில் தண்ணீர் பத்தவில்லை என்று சிறுநீரகம் தப்பாகப் புரிஞ்சுக்கும். உடனே உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடிச்சு வைக்கும். அந்தத் தண்ணீர் காலில் இறங்கும், வயிற்றில் சேரும், நுரையீரலில் தேங்கும். காலில் தேங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல்.

தாத்தா தோணியைப் பற்றி அடிக்கடி ஒண்ணு சொல்லுவார். "தோணி தண்ணிக்குள்ள தாழ்ந்து நிக்குதுன்னா சரக்கு ஏறியிருக்கலாம், இல்ல அடியில தண்ணி ஏறியிருக்கலாம். கரையில நின்னு பார்த்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும். உள்ள இறங்கிப் பார்த்தாத்தான்லே தெரியும்." மனுஷ உடம்பும் அதுதான். எடை மெஷின் ஒரு எண்ணைத்தான் காட்டும். அதில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லாது. எந்த வேகத்தில் மாறுது, எங்கே மாறுது என்பதை வச்சு நாமதான் கண்டுபிடிக்கணும்.

இதில் மனசில் வைக்க ஒரு எளிய கணக்கு. நாள் கணக்கில் ஏறுகிற எடை தண்ணீர். மாசக் கணக்கில் இறங்குகிற எடை சதை.

நாள் கணக்கில் ஏறினால்

ரெண்டு, மூணு நாளில் யாருக்கும் 2 கிலோ சதை வைக்காது. கோழியும் நெய்யும் போட்டுச் சாப்பிட்டாலும் வைக்காது. அதனால் இதயம் பலவீனமான ஒருவருக்கு மூன்று நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் எடை கூடினால், மூச்சு வாங்கவில்லை என்றாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்கணும், இல்லையென்றால் போனிலாவது கேட்கணும். உலகம் முழுக்க மருத்துவர்கள் கையாளுகிற அளவு இதுதான்.

அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேரும் நிலைக்குப் போனவர்களின் தினசரி எடையைப் பின்னோக்கிப் பார்த்தது. சேருவதற்கு ஒரு வாரம் முன்னாடியே எடை ஏற ஆரம்பிச்சிருந்தது. அதாவது, ராத்திரி ரெண்டு மணி மூச்சுத் திணறல் திடீர்னு வரலை. ஒரு வாரம் முன்னாடியே சொல்லி அனுப்பிட்டுத்தான் வந்தது. எங்க தாத்தாவுக்கும் அந்த ஒரு வாரம் இருந்தது. எடை மெஷின்தான் இல்லை.

எடை பார்க்கிற முறை ரொம்பச் சுலபம். காலையில் எழுந்து, சிறுநீர் கழிச்ச பிறகு, காபி குடிக்கும் முன்னாடி பார்க்கணும். தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரி உடுப்பு. ஒரே மெஷின். சமமான சிமெண்ட் தரையில் வைக்கணும். பாய் மேலயும் விரிப்பு மேலயும் வைச்சால் தப்பாகக் காட்டும். பார்த்த எண்ணைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துலயே எழுதிடுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து தண்ணீர் எல்லாம் இறங்கி வீட்டுக்கு வந்த அன்றைக்கு என்ன எடையோ, அதைக் காலண்டரின் மேலே பெரிசா எழுதி வைங்க. அதுதான் உங்க கணக்கின் தொடக்கம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எடை ஏறாமலும் சிலருக்கு நுரையீரலில் நீர் தேங்கும். அதனால் மெஷினை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. ஒரு தலையணையில் படுத்தவர் இப்போ மூணு தலையணை கேட்கிறாரா? ராத்திரி மூச்சு முட்டி எழுகிறாரா? கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுதா? மாடி ஏறினவர் இப்போ வாசல்படியிலேயே நிற்கிறாரா? இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ நேரே 108.

மாசக் கணக்கில் இறங்கினால்

இது யாரும் பேசாத பக்கம். இதய நோய் என்றாலே 'உடம்பைக் குறை' என்றுதான் கேட்டிருக்கோம். அதனால் நோயாளி இளைக்கும்போது யாருக்கும் பயம் வருவதில்லை.

1997-இல் வெளியான ஓர் ஆய்வில், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆன காலத்தில், முயற்சி எதுவும் செய்யாமல், நீர் இறங்கியதாலும் இல்லாமல், தங்கள் எடையில் 7.5 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அப்படி இளைத்தவர்களில் பாதிப் பேர் 18 மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். மற்றவர்களைவிட இது பல மடங்கு.

7.5 சதவீதம் என்றால் பெரிய எண் மாதிரித் தெரியும். 60 கிலோ இருந்தவருக்கு அது நாலரை கிலோ. 48 கிலோ இருந்த ஒரு ஆச்சிக்கு மூணரை கிலோவைத் தாண்டினாலே வந்துருச்சு. ஆறு மாசத்தில் மூணரை கிலோ குறைஞ்சா நம்ம வீட்டில் யாராவது பேசுவாங்களா? "வயசாகுதுல்ல" என்பதோடு முடிஞ்சிரும்.

ஏன் இளைக்குது? குடலிலும் நீர் கோர்ப்பதால் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கும். சாப்பிட்டதும் சரியாகச் சேராது. மூச்சு விடுவதற்கே உடம்பு கூடுதலாக உழைக்கும். உள்ளுக்குள் ஒரு விதமான அழற்சி தொடர்ந்து இருப்பதால், உடம்பு தன் சதையையே கரைச்சு எரிபொருளாக்கும். கால் சதை, தோள் சதை, மூச்சுக்கு உதவுகிற சதை எல்லாமே கரையும்.

இன்னொரு சிக்கல் இருக்கு. மூணு கிலோ சதை போய், அதே நேரம் மூணு கிலோ நீர் சேர்ந்தால் மெஷின் பழைய எண்ணையே காட்டும். எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்குவோம். அதனால மாசம் ஒருமுறை கண்ணாலயும் பாருங்க. கன்னப்பொறி குழி விழுந்திருக்கா? மோதிரம், வளையல் கழண்டு வருதா? ஜாக்கெட் கை தொளதொளன்னு ஆயிருச்சா? கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியுதா? கால் வீங்கியும் கை மெலிந்தும் இருந்தால், அதுதான் ரெண்டும் சேர்ந்து நடக்குது என்பதற்கு அடையாளம். டாக்டரிடம் "இளைச்சுட்டார்" என்று பொதுவாகச் சொல்லாதீங்க. "ஆறு மாசத்துக்கு முன்னாடி 58, இப்போ 53" என்று சொல்லுங்க. எண் சொன்னால்தான் அவருக்கு வேலை நடக்கும்.

அப்போ குண்டா இருந்தா நல்லதா?

இந்த இடத்தில் ஒரு அண்ணாச்சி கையைத் தூக்கிக் கேட்பார்னு எனக்குத் தெரியும். "இளைச்சா ஆபத்துன்னா, தொப்பை இருக்கிறவன் தப்பிச்சானா?"

மருத்துவ உலகமே இந்தக் கேள்வியில் இருபது வருஷத்துக்கு மேல் குழம்பியது. 2001-இல் அமெரிக்காவில், முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள 1,203 பேரைப் பார்த்தபோது, பருமனாக இருந்தவர்கள் மெலிந்தவர்களைவிட மோசமாக இல்லை. சில கணக்கில் நன்றாகவே இருந்தார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளிலும் இதேபோல் தெரிந்தது. பருமன்தான் இதய நோயைக் கொண்டுவருது, வந்த பிறகு பருமனே காப்பாற்றுதா என்று விவாதம்.

இதற்குப் பல விளக்கம் இருக்கு. மெலிந்தவர்களில் பலர் நோய் முற்றியதால்தான் மெலிந்தார்கள். மெலிவு அங்கே காரணம் இல்லை, அறிகுறி. அடுத்து, உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற கணக்கு, சதை, கொழுப்பு, தண்ணீர் எதையும் பிரிச்சுப் பார்க்காது. தோணி கதைதான் இங்கேயும்.

2023-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், பம்பிங் குறைந்த 8,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை எடுத்து, எடைக்குப் பதிலாக இடுப்புச் சுற்றளவை உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மற்ற நோய் விவரங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, பருமன் காப்பாற்றுது என்ற தோற்றம் மறைந்தது. தொப்பை அதிகம் உள்ளவர்கள்தான் இதயச் செயலிழப்புக்காக அதிகம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆக, தொப்பை யாரையும் காப்பாற்றலை. உடம்பில் இருக்கிற சதைதான் தாங்குது.

நம்ம ஆட்களுக்கு இது ரொம்ப முக்கியம். நமக்குக் கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னாலேயும் இருக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் பருமன் என்று அளவு வச்சிருக்காங்க. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது. டேப் இல்லையா? ஒரு கயிற்றை உங்க உயரத்துக்கு வெட்டி, அதைப் பாதியா மடிச்சு இடுப்பைச் சுத்துங்க. முனையும் முனையும் சேரலைன்னா இடுப்பு அதிகம்.

அப்படியானால் யார் குறைக்கணும்? உண்மையிலேயே பருமனாக இருப்பவர்கள், அதிலும் பம்பிங் நன்றாக இருந்து இதயம் விறைப்பான வகை உள்ளவர்கள், மருத்துவர் மேற்பார்வையில் குறைத்தால் பலன் உண்டு. 2023-இல் வெளியான, பருமனோடு அந்த வகை நோய் உள்ள 529 பேர் கலந்துகொண்ட ஆய்வில், செமாகுளுடைடு ஊசி போட்டவர்களுக்கு ஓராண்டில் எடை சராசரியாக 13 சதவீதம் குறைந்தது. அவர்களால் கூடுதல் தூரம் நடக்க முடிந்தது, மூச்சு வாங்குவதும் களைப்பும் குறைந்தது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து அந்த ஊசியை நாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பட்டினி கிடந்தோ, பவுடர் குடிச்சோ குறைக்கவும் கூடாது. திட்டம் போட்டுக் குறைப்பது வேறு. தானாகக் குறைவது வேறு. தானாகக் குறைந்தால், குண்டாக இருப்பவருக்கும் அது அபாய மணிதான்.

உப்பு ஊரில் உப்பைக் குறைப்பது

தமிழ்நாட்டு உப்பில் பெரும்பங்கு நம்ம மாவட்டத்தில் விளையுது. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் இல்லாத வீடு இல்லை. இதயம் பலவீனமானவருக்கு இது நாலும் தான் முதல் எதிரி. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாடு, ஒரு கருவாட்டுக் குழம்பு, அடுத்த ரெண்டு நாளில் மெஷினில் ஒரு கிலோ. சோதிச்சுப் பார்க்காதீங்க, நம்புங்க.

ஆனால் எங்க வீட்டில் செய்த மாதிரி, உப்பே இல்லாமல் வாயில் வைக்க முடியாத கஞ்சியாகக் கொடுத்து ஆளை இளைக்க வைக்கவும் கூடாது. 2022-இல் ஆறு நாடுகளில் 806 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தது மட்டுமே இறப்பையோ ஆஸ்பத்திரிச் சேர்க்கையையோ குறைத்ததாகத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சமையலில் அளவாகப் போடுங்க. சாப்பிடும்போது தட்டில் தனியாக வைக்காதீங்க. மேலே சொன்ன நாலையும் விடுங்க. சாப்பாடு வாய்க்குப் பிடிக்கணும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் இருக்கே.

நம்ம கடற்கரைக்கு ஒரு கொடுப்பினை இருக்கு. கருவாடு கூடாதே தவிர, பச்சை மீன் நல்லது. சாளை, நெத்திலி, விளமீன் எதுவானாலும் குழம்பில் போட்டோ ஆவியில் வேக வைச்சோ கொடுங்க. முட்டை, பருப்பு, சுண்டல், தயிர் எல்லாம் சதையைக் காக்கும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கோங்க. மூணு வேளை நிறையச் சாப்பிட முடியாதவருக்கு, ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்க. அவருக்கு முடிந்த அளவு நடக்க வைங்க. நடக்காத கால் சீக்கிரம் கரையும்.

ரெண்டு விஷயம் ஞாபகம் வைங்க. இந்துப்பும் உப்புதான்; அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. இதய மாத்திரைகளில் சில, உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். ரெண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாலு இளநீர் வாங்கிட்டுப் போகிற பாசம் நமக்கு உண்டு. டாக்டரிடம் கேட்காமல் அதைக் கொடுக்காதீங்க.

மாத்திரையை விடுகிற காரணங்கள்

தண்ணி மாத்திரையை ஏன் விடுறாங்கன்னு கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "பஸ்ல போகணும், வழியில இறங்க முடியாது." பெண்களுக்கு இது பெரிய கஷ்டம். கடலுக்குப் போகிறவருக்கும், உப்பளத்தில் ஒதுங்க இடம் இல்லாமல் வேலை பார்க்கிறவருக்கும் அதுதான். மாத்திரையை விட வேண்டாம். நேரத்தை மாத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்க. பலருக்கு, போய்ட்டு வந்த பிறகு போடலாம் என்று மாத்திக் கொடுப்பாங்க.

அடுத்தது, "எனக்குச் சர்க்கரையே இல்லை, சர்க்கரை மாத்திரை ஏன் எழுதியிருக்கு?" டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரைக்காக வந்தவைதான். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இதயச் செயலிழப்பில் அது உயிர் காக்கிறது என்று 2019-இல் தெரிந்தது. தப்பாக எழுதலை. நிறுத்தாதீங்க.

மூணாவது, வலி மாத்திரை. மூட்டு வலி, இடுப்பு வலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இதயம் பலவீனமானவருக்கு ஒரு வாரத்தில் கால் வீங்க இதுவே போதும். வலி என்றால் டாக்டரிடம் சொல்லி வேறு மருந்து கேளுங்க.

அரசு சேவைகளை எப்படிப் பயன்படுத்துவது

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. இயன்முறைச் சிகிச்சை, வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சையும் இதில் உண்டு. உங்க தெருவுக்கு வருகிற சுகாதாரத் தன்னார்வலர் சகோதரியிடம் காலண்டரைக் காட்டுங்க. எடை ஏறி இறங்குவதைச் சொல்லுங்க. அவங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்ல அது உதவும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104. அவசரத்துக்கு 108. ரெண்டையும் காலண்டரிலேயே எழுதி வைங்க. 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி, மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போனால், அங்கேயே முதல் தவணை மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. மாரடைப்பைச் சீக்கிரம் பார்த்தால், பின்னாளில் இதயம் பலவீனமாவதும் குறையும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இல்லாதவங்க, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கிட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அட்டை தேடுகிற நிலை வர வேண்டாம். சந்தேகத்துக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.

கடைசியாக

பேச்சுக்கு முன்னாடி ஒரு அக்கா என்னிடம் கேட்டாங்க: "தம்பிக்கு மெஷின் வாங்க வசதி இல்லைன்னா என்ன செய்ய?" நியாயமான கேள்வி. இங்கே குழுக்கள் இருக்கு. பத்து வீட்டுக்கு ஒரு மெஷின் போதும். நோயாளி இருக்கிற வீட்டில் அது நிலையா இருக்கட்டும். மத்தவங்க அங்கே போய்ப் பார்த்துக்கலாம். தினமும் முடியலைன்னா வாரம் ரெண்டு தடவை, ஒரே மெஷினில், ஒரே நேரத்தில். எதுவும் பார்க்காமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இந்தக் கரையில் கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கல்லைக் கட்டிக்கிட்டு ஆழத்துக்கு இறங்குகிறவரின் உயிர், மேலே கயிற்றைப் பிடிச்சிருக்கிறவர் கையில். அதனால அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பாங்கன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அவருக்கு வேலை ஒண்ணுதான்: கீழே இருப்பவர் கயிற்றை அசைக்கிறாரான்னு கவனமா இருக்கணும், அசைச்சதும் இழுக்கணும்.

நம்ம வீட்டில் இதயம் பலவீனமாக இருப்பவரும் கயிற்றை அசைக்கிறார். மூணு நாளில் ரெண்டு கிலோ ஏறுவது ஒரு அசைவு. ஆறு மாசத்தில் நாலு கிலோ இறங்குவது இன்னொரு அசைவு. எங்க தாத்தா ரெண்டு தடவை அசைச்சார். நாங்க கவனிக்கலை. நீங்க கவனிங்க. நாளைக்குக் காலையில் எழுந்ததும், காபி போடுவதற்கு முன்னாடி, அவரை மெஷினில் ஏறச் சொல்லுங்க. அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுங்க.